தோற்றால் டபுளா, வென்றால் டபுளா, ஒரே தொகையா? பிளாக்ஜாக் பந்தய முறைகள்: ஓர் ஒப்பீடு

போன தீபாவளிக்கு அக்கா மகன் கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு வந்தபோது, பையில் துணிமணிக்கு நடுவே ஒரு சீஆர் கொப்பியும் இருந்தது. புடவைக் கடையில் வேலை செய்கிறான். கூட வேலை செய்யும் இரண்டு பேர் கசினோவுக்குப் போய்ப் பிளாக்ஜாக் ஆடிப் பழகியவர்கள். டீலர் என்கிற கசினோ ஆளைவிட 21க்குக் கிட்டப் போகவேண்டும், 21ஐத் தாண்டினால் தோல்வி, அந்தச் சீட்டாட்டம். அவர்கள் சொல்லிக்கொடுத்ததை இவன் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தான். 500, 1,000, 2,000, 4,000 என்று ஏறும், ஓரிடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம், மறுபடி 500.

"தோத்தா டபுள் மாமா. மறுபடி தோத்தா மறுபடி டபுள். எப்பயாவது ஒருக்கா ஜெயிச்சுத்தானே ஆகணும்? அப்ப போட்டதெல்லாம் வந்துரும், மேல 500 மிஞ்சும். இதுல எங்க பிழை, நீங்களே சொல்லுங்க."

நான் கணிதம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன். "பிழைடா" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் கொப்பியைப் புரட்டினால் அந்த ஒரு முறை மட்டும் இல்லை. ஒவ்வொன்றாக ஏற்றுவது, எண்களை வெட்டிக்கொண்டே போவது, வென்றால் மட்டும் கூட்டுவது என்று ஐந்தாறு. எதைப் பிடிப்பது என்பதுதான் அவனுடைய உண்மையான கேள்வி. அவனைப் போலவே தடுமாறுகிற வேறு பையன்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்துவிடுவோம்.

எதை வைத்து நிறுப்பது

"ஜெயிக்குமா" என்ற கேள்வியை வைத்து எதையும் நிறுக்க முடியாது. எல்லா முறையும் ஏதோ ஓர் இரவில் ஜெயிக்கும். அந்த இரவைத்தான் ஆட்கள் வந்து கதையாகச் சொல்வார்கள்.

முதல் அளவுகோல், கசினோ வெட்டும் கழிவு. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கிலோ வெட்டுவார்களே, அதே மாதிரி. ஆறு கட்டுச் சீட்டு, பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) விழுந்தால் 3க்கு 2 கொடுக்கும் மேசை, 17 வந்தால் டீலர் மேலே சீட்டு எடுக்காமல் நின்றுவிடும் விதி, நீங்களும் பிழையில்லாமல் ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், இந்தக் கழிவு ஏறக்குறைய அரை வீதம். மேசையில் வைக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 50 சதம் அவர்களுக்கு. சூதாட்டங்களில் மிகக் குறைந்த வெட்டுகளில் இது ஒன்று. அதனால்தான் பிளாக்ஜாக்கைப் பார்த்து ஆட்களுக்கு ஆசை வருகிறது.

இந்த அரை வீதம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும். 100 ஆட்டத்தில் நீங்கள் வெல்வது 42, 43. தோற்பது 49. மிச்சம் 8, 9 ஆட்டம் சமம். இப்படிப் பார்த்தால் கழிவு ஆறு, ஏழு வீதம் இருக்கவேண்டும். அதை அரை வீதத்துக்கு இறக்குவது மூன்று விஷயம்: பிளாக்ஜாக் விழுந்தால் கிடைக்கும் ஒன்றரை மடங்கு, நல்ல சீட்டு வந்தால் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் டபுள், ஒரே மாதிரி இரண்டு சீட்டைப் பிரித்து ஆடும் ஸ்ப்ளிட். தோற்கும் ஆட்டங்கள் அதிகம்; ஆனால் வெல்லும் ஆட்டங்களில் சில கனமானவை.

இரண்டாவது, மேசையில் மொத்தமாகப் புழங்கும் காசு. கழிவு வெட்டப்படுவது நீங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன காசில் இல்லை, திரும்பத் திரும்ப வைக்கும் பந்தயங்களின் கூட்டுத்தொகையில். தராசில் எத்தனை சாக்கு ஏறுகிறதோ அத்தனை சாக்குக்கும் வெட்டு.

மூன்றாவது, ஒரே இரவில் எவ்வளவு ஆழத்துக்குப் போகலாம் என்பதும், அந்த ஆழத்தில் மேசையின் உச்ச வரம்பு எங்கே முட்டும் என்பதும். நான்காவது, தலைப்பாரம்: கணக்கை நினைவில் வைத்துக்கொண்டே சீட்டையும் சரியாக ஆட முடியுமா?

எடுத்துக்காட்டுக்கு எல்லா இடத்திலும் குறைந்த பந்தயம் 500 ரூபாய், உச்சம் 50,000 ரூபாய், மணிக்கு 60 ஆட்டம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரே தொகை வைப்பது

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 500. வென்றாலும் 500, தோற்றாலும் 500. மருமகனின் கொப்பியில் இதற்கு ஒரு வரிகூட இல்லை, சப்பென்று இருக்கிறதாம்.

மணிக்கு 30,000 ரூபாய் புழங்கும். அரை வீதம் என்றால் 150 ரூபாய் கழிவு. நாலு மணித்தியாலம் உட்கார்ந்தால் 600. இது சராசரி. உண்மையான இரவுகள் இதைச் சுற்றி ஏறி இறங்கும். மூன்றில் இரண்டு இரவு, 9,500 ரூபாய் நட்டத்துக்கும் 8,300 ரூபாய் லாபத்துக்கும் இடையில் எங்கேயோ முடியும். அதற்கு வெளியே போகிற இரவுகளும் உண்டு, ஆனால் நாற்காலியோடு கவிழ்கிற அளவுக்கு இல்லை.

இதற்குச் சீட்டைச் சரியாக ஆடத் தெரியவேண்டும். அந்தச் சரியான ஆட்டத்தை முதலில் ஒழுங்காகக் கணக்குப் போட்டவர்கள் அமெரிக்க இராணுவத்தில் இருந்த நாலு பேர்: பால்ட்வின், கான்டி, மைசல், மக்டெர்மொட். மேசைக் கணக்குப்பொறியைத் தட்டித் தட்டிப் போட்டு, 1956இல் வெளியிட்டார்கள். இன்று அது ஒரு சிறிய அட்டையில் அடங்கும். எட்டு ஜோடியும் ஏஸ் ஜோடியும் வந்தால் எப்போதும் பிரி; பத்து ஜோடியைப் பிரிக்காதே. டீலர் காட்டும் சீட்டு 4, 5, 6 என்றால் 12இலிருந்தே நில். டீலர் 7 அல்லது அதற்கு மேல் காட்டினால், 16 வரை பயந்துகொண்டாவது இன்னொரு சீட்டு கேள். 11க்கு டபுள். இன்ஷூரன்ஸ் (டீலருக்குப் பிளாக்ஜாக் விழும் என்று வைக்கும் பந்தயம்) என்று டீலர் கேட்கும்போது வேண்டாம் என்று தலையாட்டு. அந்தப் பக்கப் பந்தயத்தின் கழிவு மட்டும் ஆறு கட்டில் 7 வீதத்துக்கு மேல்.

தலைப்பாரம் இல்லை. மறைவான செலவு ஒன்றுதான்: சலிப்பு. இரண்டாவது மணித்தியாலத்தில் கை தானாகவே ஒரு சில்லை அதிகமாகத் தள்ளும்.

மார்ட்டிங்கேல்: தோற்றால் டபுள்

கொப்பியின் கதாநாயகன். சொல்லிப் பார்த்தால் அவன் நம்பமாட்டான் என்று தெரியும். மூன்று நெருப்புப்பெட்டியைப் பிரித்துக் குச்சிகளை எண்ணினோம். 1, 2, 4, 8, 16, 32, 64: ஏழு படிக்கு 127 குச்சி. ஒரு குச்சி 500 ரூபாய் என்றால் 63,500 ரூபாய். எட்டாவது படி 64,000. மேசையின் உச்சம் 50,000, ஆகவே அங்கே கதவு சாத்தி. டீலர் நான். அடுப்படி மேசையில் இரண்டு கட்டுச் சீட்டைக் கலந்து ஆரம்பித்தோம்.

முதல் நாள் அவன் 28 குச்சி வென்றான். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தபோது அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்க்கவேண்டுமே. மேலே சொன்ன கதை பிறக்கும் இரவு இதுதான்.

இரண்டாம் நாள் வரிசையாக ஆறு தோல்வி. 63 குச்சி என் பக்கம் வந்துவிட்டது. ஏழாவது பந்தயம் 64. அவன் கைக்கு 6ம் 5ம், ஆக 11. நான் காட்டிய சீட்டு 6. பிளாக்ஜாக்கில் ஆட்டக்காரனுக்கு இதைவிட இனிமையான இடம் குறைவு. யோசிக்காமல் டபுள் பண்ணவேண்டும். அவனிடம் மிச்சம் இருந்தது 28 குச்சி. டபுளுக்கு இன்னும் 64 வேண்டும். வேறு வழியில்லாமல் சும்மா ஒரு சீட்டு கேட்டான். ராணி விழுந்தது, 21. நான் 19இல் நின்றேன். "பாத்தீங்களா மாமா!" என்று குதித்தான்.

128 வரவேண்டிய இடத்தில் 64 வந்திருக்கிறது என்று நான் சொன்னது அவன் காதில் ஏறவில்லை.

இந்த முறையில் யாரும் எழுதிவைக்காத செலவு இதுதான். கழிவு அரை வீதமாக நிற்பதற்குக் காரணம் டபுளும் ஸ்ப்ளிட்டும் என்று முன்னால் சொன்னேன். மார்ட்டிங்கேலில் உங்கள் பெரிய காசெல்லாம் கிடப்பது உச்சிப் படிகளில். சரியாக அங்கே போகும்போதுதான் கை காலியாகி, டபுளும் ஸ்ப்ளிட்டும் பண்ண வழியில்லாமல் நிற்பீர்கள். அப்போது நீங்கள் ஆடுவது அரை வீத ஆட்டம் இல்லை. அதைவிட மோசமான வேறொன்று.

மூன்றாம் நாள், ஆட்டம் தொடங்கி அரை மணித்தியாலத்துக்குள், ஏழும் போனது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 15ஐ வைத்துக்கொண்டு அவன் ஒரு சீட்டு கேட்டான், எட்டு விழுந்தது, எழுந்து வெளியே போய்விட்டான்.

அவன் வந்த பிறகு கணக்கைக் காட்டினேன். முதலில் ஒரு நேர்மையான நாணயத்தை எடுத்துக்கொள்வோம், கழிவே இல்லாதது. ஏழு தடவை தொடர்ந்து தோற்கும் வாய்ப்பு 128இல் 1. 500இல் தொடங்கி ஒரு வெற்றியோ ஏழு தோல்வியோ வரும்வரை ஆடுவதை ஒரு சுற்று என்போம். அப்படியென்றால் 128 சுற்றில் 127 சுற்று 500 ரூபாய் வெல்கிறீர்கள்: 63,500. ஒரு சுற்றில் தோற்கிறீர்கள்: 63,500. சரிக்குச் சரி. நாணயம் நேர்மையாக இருந்தாலும் முறை ஒரு சதம்கூட உண்டாக்கவில்லை. 127 சிறிய சந்தோஷத்தைக் கொடுத்து ஒரு பெரிய துக்கத்தை வாங்குகிற பண்டமாற்று, அவ்வளவுதான்.

பிளாக்ஜாக் அந்த நாணயம் இல்லை. சமங்களைத் தள்ளிவிட்டால் ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்கும் வாய்ப்பு 53.5 வீதம். ஏழு தொடர் தோல்வி ஏறக்குறைய 80 சுற்றுக்கு ஒன்று. ஒரு மணித்தியாலத்தில் 25 சுற்று முடியும். நாலு மணித்தியாலம் இருந்தால், நாலு இரவில் ஏறக்குறைய மூன்று இரவு அந்த வரிசை ஒரு தடவையாவது வந்துவிடும். "எப்பயாவது ஒருக்கா ஜெயிச்சுத்தானே ஆகணும்" என்பது உண்மை. அதுவரை கையில் காசும் மேசையில் இடமும் இருக்கவேண்டும் என்பதுதான் கொப்பியில் எழுதாமல் விட்ட பக்கம்.

புழங்கும் காசையும் பாருங்கள். 500இல் தொடங்கினாலும் சராசரிப் பந்தயம் 2,000 ரூபாய்க்கு ஏறிவிடுகிறது. மணிக்கு 120,000 ரூபாய் தராசில் ஏறுகிறது. அரை வீதமே என்று வைத்தாலும் 600 ரூபாய் கழிவு. ஒரே தொகை வைப்பவனைப் போல் நாலு மடங்கு.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' என்போம். அந்தக் கணக்கில் 63,500 ரூபாய் என்பது 47 பேர். மலையில் ஏறி, அட்டைக்கடி வாங்கி, முழுப் பேர் போட்ட 47 நாள், ஏழு ஆட்டத்தில். ஏழு ஆட்டம் ஆட ஏழு, எட்டு நிமிடம் போதும்.

மெதுவாக ஏறுகிற முறைகள்

மார்ட்டிங்கேலில் சூடு பட்டவர்கள் அடுத்து ஒதுங்கும் இடம். மூன்று வகை அதிகம் பேசப்படுகிறது.

டி'அலம்பேர்: தோற்றால் ஒன்று கூட்டு, வென்றால் ஒன்று குறை. பெயர் 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர் ஒருவருடையது. பெரிய ஆள்தான், ஆனால் நிகழ்தகவில் அவருக்கும் சறுக்கியது. நாணயத்தை இரண்டு தடவை சுண்டினால் ஒரு தடவையாவது தலை விழ வாய்ப்பு 3இல் 2 என்று 1754இல் எழுதினார். சரியான விடை 4இல் 3. என் ஓஎல் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அவர்களுக்கு ஒரு தெம்பு.

இந்த முறைக்குப் பின்னால் இருப்பது "இவ்வளவு நேரம் வரல, இனி வரணும்" என்ற நம்பிக்கை. எங்கள் அப்பா அதை உறுதியாக நம்பியவர். ஒரு வருசத் தீபாவளி அட்வான்ஸ் முழுவதும் லயத்தின் கடைசிக் காம்பராவில் நடந்த மங்காத்தாவில் அந்த நம்பிக்கையோடு போனது. சீட்டுக்கு நம்முடைய தோல்வி ஞாபகத்தில் இருப்பதில்லை.

டி'அலம்பேர் எப்படி ஏமாற்றுகிறது என்பதுதான் சுவாரசியம். சமங்களை விட்டு 100 ஆட்டம் எடுத்துக்கொள்வோம். டபுள், பிளாக்ஜாக் எதுவும் வேண்டாம். 54 தோல்வி, 46 வெற்றி என்றால் ஒரே தொகை வைப்பவன் 8 குச்சி நட்டப்படுவான். டி'அலம்பேர்காரன், பந்தயம் ஒரு குச்சிக்குக் கீழே போகத் தேவை வராதவரை, 10 குச்சி லாபத்தில் இருப்பான். தோற்றுக்கொண்டே லாபம்! ஆள் மயங்காமல் என்ன செய்வான்? இப்போது 59 தோல்வி, 41 வெற்றி என்று வையுங்கள். ஒரே தொகைக்காரனுக்கு 18 நட்டம். டி'அலம்பேர்காரனுக்கு 130. இது அபூர்வமும் இல்லை. 59 அல்லது அதற்கு மேல் தோற்பது ஆறு தடவையில் ஒரு தடவை நடக்கக்கூடியது. மார்ட்டிங்கேலின் அதே பண்டமாற்றுதான். பள்ளத்தில் விழுவதற்குப் பதில் சரிவில் வழுக்கிப் போகிறீர்கள்.

ஃபிபொனாச்சி: 1, 1, 2, 3, 5, 8, 13 என்று ஏறும், வென்றால் இரண்டு படி இறங்கும். ஏழு தோல்விக்கு 33 குச்சி, பத்துக்கு 143. மார்ட்டிங்கேலைவிடச் சாது. ஆனால் ஒரு வெற்றி எல்லாவற்றையும் மீட்டுத் தராது, கடைசி இரண்டு தோல்வியை மட்டும் அடைக்கும். அதனால் மேசையில் இருக்கும் நேரம் நீளும். நேரம் நீண்டால் கழிவு நீளும்.

லபூஷேர்: 1, 2, 3, 4 என்று எழுதி, முதலும் கடைசியும் கூட்டிப் பந்தயம்; வென்றால் இரண்டையும் வெட்டு, தோற்றால் வைத்த தொகையைக் கடைசியில் எழுது. கொப்பியில் சிவப்பு மை அதிகம் செலவானது இதற்குத்தான். மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்கினவர்களுக்குப் பழக்கப்பட்ட கணக்கு: வெட்ட வெட்ட நீளும். இதைத் தலைக்குள் ஓட்டிக்கொண்டு 16ஐ டீலரின் 10க்கு எதிரே என்ன செய்வது என்று யோசிப்பவன் இரண்டிலும் பிழை விடுவான். சரியான ஆட்டத்திலிருந்து விலகினால் கழிவு சுலபமாக இரண்டு வீதத்தைத் தொடும்.

பரோலி: வென்றால் டபுள்

மார்ட்டிங்கேலைத் தலைகீழாகக் கவிழ்த்தது. தோற்றால் மறுபடி 500. வென்றால் 1,000, மறுபடி வென்றால் 2,000. மூன்று தடவை தொடர்ந்து வென்றால் 3,500 ரூபாய் லாபத்தை எடுத்து ஒதுக்கிவிட்டு 500இலிருந்து தொடங்கு.

நேர்மையான நாணயத்தில் எட்டு முயற்சியில் ஒன்று 7 குச்சி வெல்லும், ஏழு ஒவ்வொரு குச்சி தோற்கும். மறுபடியும் பூச்சியம். பிளாக்ஜாக்கில் மூன்று தொடர் வெற்றி பத்துக்கு ஒன்று. ஆக இதுவும் கழிவை அசைக்கவில்லை. ஆனால் பண்டமாற்று திரும்பியிருக்கிறது: அடிக்கடி சிறிய வருத்தம், எப்போதாவது ஒரு பெரிய சந்தோஷம். ஏழு தொடர் தோல்வி வந்தால் போவது 3,500. பெரிய பந்தயம் வைக்கும்போது அதில் ஒரு பங்கு டீலரிடமிருந்து அப்போதுதான் வந்த காசு. டபுளுக்குக் கை காலியாகிற தொல்லை குறைவு. சராசரிப் பந்தயம் 800 ரூபாய் சொச்சம், மணிக்கு 50,000 புழங்கும், 250 ரூபாய் கழிவு.

முறை என்று ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டத்தில் ருசியில்லை என்பவனுக்கு நான் காட்டுவது இதைத்தான். ஒரு எச்சரிக்கை: மூன்றாவது வெற்றியில் நிறுத்தவேண்டும். நாலாவதுக்குக் கை நீண்டால் சேர்த்த முழுவதும் ஒரே சீட்டில் கிடக்கும்.

சீட்டு எண்ணுவது

இது முறைகளின் குடும்பத்தில் சேராது. ஆனாலும் "அப்ப யாராலயும் ஜெயிக்கவே ஏலாதா" என்று கேட்பவர்களுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

எட்வர்ட் தோர்ப் என்ற அமெரிக்கக் கணிதர் எம்ஐடியில் ஐபிஎம் 704 கணினியில் கணக்குப் போட்டு, 1962இல் புத்தகமாக வெளியிட்டார். போன சீட்டு கட்டுக்குத் திரும்பாதவரை, மிச்சக் கட்டில் பத்தும் ஏஸும் அதிகமாக இருக்கும் நேரத்தில் ஆட்டம் ஆட்டக்காரன் பக்கம் சாயும். அப்போது கூட்டி வை, மற்ற நேரம் குறைத்து வை. பழக்கத்தில் உள்ள எளிய எண்ணிக்கை: 2 முதல் 6 வரை போனால் ஒன்று கூட்டு, பத்து, படம், ஏஸ் போனால் ஒன்று குறை.

மார்ட்டிங்கேலும் பந்தயத்தை ஏற்றுகிறது, இதுவும் ஏற்றுகிறது. ஒன்று நீங்கள் தோற்றதைப் பார்த்து ஏற்றுகிறது. மற்றது கட்டில் மிஞ்சியிருப்பதைப் பார்த்து ஏற்றுகிறது. அடுத்த சீட்டைப் பற்றித் தகவல் இருப்பது இரண்டாவதில் மட்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிடைக்கும் மேல்கை ஒரு வீதத்தைச் சுற்றித்தான். அதைக் காசாக்கப் பெரிய முதலும், நூற்றுக்கணக்கான மணித்தியாலமும், பயிற்சியும் வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் சீட்டை உள்ளே வாங்கிக் கலக்கும் இயந்திரம் வைத்த மேசையில் எண்ணிப் பயனே இல்லை. கண்டுபிடித்தால் மரியாதையாக எழுப்பிவிடுவார்கள். மாதத்தில் ஒரு நாள் போகும் கடைப் பையனுக்கு இது தொழில் மாற்றத்துக்குச் சமம்.

ஒரே பார்வையில்

| முறை | மணிக்குப் புழங்கும் காசு (ரூ.) | அரை வீதக் கழிவு (ரூ.) | ஏழு தொடர் தோல்வியில் போவது (ரூ.) | தலைப்பாரம் |
|---|---|---|---|---|
| ஒரே தொகை | 30,000 | 150 | 3,500 | இல்லை |
| மார்ட்டிங்கேல் | 120,000 அளவு | 600. டபுளுக்குக் காசில்லாவிட்டால் கூடும் | 63,500 | குறைவு, பயம் அதிகம் |
| டி'அலம்பேர் | நேரம் போகப் போக ஏறும் | ஏறும் | 14,000 | குறைவு |
| ஃபிபொனாச்சி | நேரம் போகப் போக ஏறும் | ஏறும் | 16,500 | நடுத்தரம் |
| பரோலி | 50,000 அளவு | 250 | 3,500 | குறைவு |
| சீட்டு எண்ணுதல் | ஆளையும் மேசையையும் பொறுத்தது | சரியாகச் செய்தால் கழிவு உங்கள் பக்கம் | ஆளையும் மேசையையும் பொறுத்தது | மிக அதிகம் |

வாசலில் போகிற காசு

அட்டவணையில் இல்லாத செலவுகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

இலங்கைக் குடிமகன் கசினோவுக்குள் நுழைய டொலர் கணக்கில் நுழைவு வரி இருக்கிறது. அதை 50 டொலரிலிருந்து 100 டொலராக ஏற்றும் சட்டமூலம் 2025இல் வந்தது. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 100 டொலர் 30,000 ரூபாய். ஒரே தொகையாக 500 வைத்து நாலு மணித்தியாலம் ஆடுபவனின் கழிவு 600 என்று பார்த்தோம். வாசலில் கொடுப்பது அதைப் போல் 50 மடங்கு! நல்ல இரவில்கூட 8,300 ரூபாய் அளவில் நிற்கும் லாபம் அந்த 30,000ஐ எட்டிப் பிடிப்பது ஆயிரத்தில் ஒரு தடவைகூட நடக்காது. 500 ரூபாய்ப் பந்தயக்காரன் சீட்டைத் தொடுமுன்பே 22 பேர் தோற்றுவிட்டுத்தான் உட்காருகிறான். அந்த 30,000ஐ மீட்கவேண்டும் என்ற அவசரம்தான் ஆட்களை மார்ட்டிங்கேலுக்குத் தள்ளுகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அடுத்தது, மேசைத் துணியில் எழுதியிருப்பது. பிளாக்ஜாக்குக்கு 3க்கு 2 என்றால் 500க்கு 750 கிடைக்கும். 6க்கு 5 என்றால் 600. ஏறக்குறைய 21 ஆட்டத்துக்கு ஒரு பிளாக்ஜாக் விழும் என்பதால், இந்த ஒரு வரி மாற்றம் கழிவில் 1.4 வீதம் கூட்டிவிடுகிறது. 6க்கு 5 மேசையில் ஒழுங்காக ஒரே தொகை வைப்பவனும், 3க்கு 2 மேசையில் மார்ட்டிங்கேல் ஆடுபவனும் மணிக்கு ஏறக்குறைய ஒரே கழிவைத்தான் கொடுக்கிறார்கள். எந்த முறை என்று இரவெல்லாம் வாதிடுபவர்கள் இந்த எழுத்தை வாசிப்பதில்லை.

மூன்றாவது, இலவசமாக வரும் சாப்பாடும் குடியும். குடித்தவன் டீலரின் 6க்கு எதிரே 12இல் நிற்காமல் இன்னொரு சீட்டு கேட்பான்.

யாருக்கு எது

கொழும்பில் ஒரு நாள் வேடிக்கை பார்க்கப் போகிறீர்கள், போகிற காசைச் செலவாகவே எழுதிவிட்டீர்கள் என்றால் ஒரே தொகை. 3க்கு 2 மேசையைத் தேடி, சரியான ஆட்டத்தின் அட்டையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதே நிலைமையில், ஒரு பெரிய வெற்றிக் கதையோடு பஸ் ஏறவேண்டும் என்ற ஆசையும் இருந்தால் பரோலி.

பத்து நிமிடம் மட்டும் உட்கார்ந்து ஒரு 500ஐ வென்று எழுந்துவிடும் மனத்திடம் உள்ளவனுக்கு மார்ட்டிங்கேல் பெரும்பாலும் அந்த 500ஐக் கொடுக்கும். 80இல் 79 தடவை. அதற்காக 63,500ஐ மடியில் கட்டிக்கொண்டு போகவும், வாசலில் 30,000 கட்டவும் அவன் தயாராக இருக்கவேண்டும். அப்படி ஓர் ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. டி'அலம்பேர், ஃபிபொனாச்சி, லபூஷேர் மூன்றுக்கும் பொருத்தமான ஆள் என்று எனக்கு யாரும் தோன்றவில்லை. மார்ட்டிங்கேலின் பயமும் வேண்டாம், ஒரே தொகையின் சலிப்பும் வேண்டாம் என்பவர்களுக்கு நேரம் போகும், அதற்கு மேல் இல்லை.

அடகு மீட்க, கூரைத் தகரம் மாற்ற, தங்கச்சி கலியாணத்துக்கு என்று ஒரு தொகை தேவைப்பட்டுப் போகிறவனுக்கு இந்தப் பட்டியலில் எதுவுமே இல்லை. எங்கள் பக்கம் சீட்டு என்றால் இரண்டு அர்த்தம். மாதம் 5,000 கட்டும் பன்னிரண்டு பேர்ச் சீட்டில் கூறு விழும் மாதம் 60,000 கையில் வரும். அதில் கழிவு வெட்ட யாரும் இல்லை, பிடிக்கிற அம்மா நேர்மையானவராக இருந்தால்.

மருமகன் கொழும்புக்குத் திரும்பும்போது, ஆட்ட விதி அட்டையைப் படம் எடுத்துக்கொண்டான். கொப்பியை எடுத்துப்போகவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னலைத் திறந்து, "மாமா, பரோலில ரெண்டாவது தடவையே நிப்பாட்டினா?" என்றான். நான் கணக்குப் போடுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நாணயத்தில் நாலு முயற்சிக்கு ஒன்று, வென்றால் 3 குச்சி. போனில் அனுப்பினேன். இன்னும் நீல டிக் விழவில்லை.